நடுவர் மேசையில் உங்கள் ஓவியம்

(திரையில்: இருட்டான அறை, ஒன்றன்பின் ஒன்றாக மாறும் ஓவியப் படங்கள்)

வணக்கம். கண்காட்சிக்கு அனுப்பிய ஓவியம் தேர்வாகவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறதா? அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம்.

பெரும்பாலும் முதல் சுற்றில் நடுவர்கள் உங்கள் ஓவியத்தைப் பார்ப்பதே இல்லை. அதன் புகைப்படத்தைத்தான் பார்க்கிறார்கள். பல இடங்களில் பெயரை மறைத்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கில் படங்கள் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நொடிகள். ஆறடி ஓவியமும் உள்ளங்கை அளவு ஓவியமும் திரையில் ஒரே உயரம். விளக்கொளியில் மஞ்சளடித்த வெள்ளையை, நீங்கள் தீட்டிய நிறம் என்றுதான் நடுவர் நினைப்பார். மாதக்கணக்கில் வரைந்ததை அவசரமாக ஒரு கிளிக்கில் எடுத்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

(திரையில்: இரண்டு மதிப்பெண் தாள்கள்)

அப்புறம் மதிப்பெண். ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 5 மதிப்பெண் வரை போடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓவியத்துக்கு ஐவரும் 3 போடுகிறார்கள். இன்னொன்றுக்கு இருவர் 5, இருவர் 1, ஒருவர் 3. கூட்டினால் இரண்டுமே 15! ஆனால் இரண்டாவது ஓவியம் இருவரை உலுக்கியிருக்கிறது. அதற்காக வாதாட ஆள் இருக்கிறது. அதனால்தான் கூட்டிப்பார்த்து முடிவெடுக்கும் குழுவைவிட, உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் குழுவை நான் நம்புகிறேன்.

(திரையில்: வெற்றுச் சுவர், அளவுநாடா)

சரி, அடுத்தது சுவர். லண்டனில் உள்ள ராயல் அகாடமி என்ற கலை அமைப்பு 1769 முதல் ஆண்டுதோறும் நடத்தும் கோடைக் கண்காட்சியில், படத்தில் தேறியவற்றை நேரில் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் பார்க்கிறார்கள். அதிலும் தேறியவை எல்லாவற்றுக்கும் சுவரில் இடம் கிடைப்பதில்லை. பக்கத்தில் எது தொங்குகிறது என்பதும் கணக்கில் வரும்.

நடுவர்கள் தவறுவார்களா? தவறுவார்கள். 1863இல் பாரிஸில் நடந்த ‘சலோன்’ என்ற பெரிய கலைக் கண்காட்சிக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் தள்ளப்பட்டன. புகார்கள் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வரை போயின. தள்ளப்பட்டவற்றுக்கே தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார் அவர். அங்கே பலர் பார்த்துச் சிரித்த, பிரெஞ்சு ஓவியர் மானேயின் ஓவியம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நடுவர் மாறினால் தேர்வும் மாறும். பரணில் ஏற்றிய அந்த ஓவியத்தை இறக்கி, பகல் வெளிச்சத்தில் நேராக நிறுத்தி, புதிதாகப் படமெடுத்து, வேறொரு குழுவுக்கு அனுப்புங்கள். எத்தனை ஆண்டுகளுக்குள் வரைந்தது என்ற விதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.