சிங்கப்பூர்ல 10 மணி நேரம்: பழைய ஞாபகத்தை நம்பி பிளான் போடாதீங்க

[திரையில்: 2000-ஆம் ஆண்டு ரயில் வரைபடம். பச்சை, சிவப்புன்னு ரெண்டே கோடு]

2000-ல சிங்கப்பூர்ல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பினவங்களுக்கு மனசுல பதிஞ்சிருக்கிற வரைபடம் இதுதான். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா சந்தைக்கும் கிடையாது. பூகிஸ்ல இறங்கி நடக்கணும், இல்லன்னா பஸ்.

[திரையில்: இன்றைய வரைபடம். ஆறு நிறக் கோடுகள்]

இப்போ உள்ளது இது. ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ போற வழியில பத்து மணி நேரம் கிடைக்குது, "பழைய இடத்தையெல்லாம் ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துடலாம்"னு கிளம்புறவங்களுக்காகத்தான் இந்த வீடியோ. எல்லாத்தையும் பார்க்க முடியாது. ஒரு பழைய இடம் தேக்கா, ஒரு புது இடம் பேஃபிரண்ட், ரெண்டும் ஒரே ரயில் கோட்டுல. நான் சொல்ற பிளான் அவ்வளவுதான்.

முதல்ல, வெளியே விடுவாங்களா? இந்திய பாஸ்போர்ட்னா விசா வேணும். ஆனா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இதுல ஏதாவது ஒரு நாட்டோட செல்லுபடியாகிற விசாவோ நீண்டகால அனுமதியோ இருந்து, 96 மணி நேரத்துக்குள்ள கிளம்புற டிக்கெட்டும் கையில இருந்தா, விசா இல்லாம உள்ளே விடுற ஒரு வசதி இருக்கு. அதுக்கு நிபந்தனைகள் உண்டு, கடைசி முடிவு குடிநுழைவு (இமிக்ரேஷன்) அதிகாரியோடது. டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே குடிநுழைவு ஆணையத்தோட தளத்துல உங்க நிலைமைக்கு என்ன விதின்னு பார்த்துடுங்க.

அப்புறம் வருகை அட்டை. விமானத்துல பேனா கடன் வாங்கி நிரப்பின அந்த வெள்ளைத் தாள் இப்போ இல்லை. வந்து சேர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். இது இலவசம். பணம் கேட்கிற தளம் கண்ணுல பட்டா அது போலி, மூடிடுங்க. பாஸ்போர்ட்ல முத்திரையும் குத்த மாட்டாங்க, அனுமதி மின்னஞ்சல்ல வரும்.

பெட்டி விஷயத்துல கொஞ்சம் கவனம். ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்னா பெட்டி தானா அடுத்த விமானத்துக்குப் போயிடும். மலிவா இருக்கேன்னு திருச்சி-சிங்கப்பூர் தனியா, சிங்கப்பூர்-பெர்த் தனியா போட்டீங்கன்னா, பெட்டியை நீங்களே வெளியே வந்து எடுத்துத் திரும்பவும் போடணும். ஊர் சுத்துற எண்ணமே இல்லாதவங்களுக்கும் அப்போ சிங்கப்பூருக்குள்ள நுழையற அனுமதி தேவைப்படும். டிக்கெட்ல மிச்சம் பிடிச்ச காசு அங்கேயே சரியாயிடும்.

இப்போ கணக்கு. மத்தியானம் 1 மணிக்கு இறங்குறீங்க, ராத்திரி 11 மணிக்கு அடுத்த விமானம்னு வெச்சுக்குவோம். குடிநுழைவு முடிஞ்சு ரயிலுக்கு வர 2 மணி. திரும்ப 9 மணிக்கு விமான நிலையத்துல இருக்கணும். போக வர ரயில் நேரத்தையும் கழிச்சா ஊருக்குள்ள கிடைக்கிறது சுமார் அஞ்சு மணி நேரம். இதுல செந்தோசா, யுனிவர்சல், மிருகக்காட்சி சாலை எதையும் நுழைக்காதீங்க. குழந்தைங்க அடம் பிடிச்சா அதுக்குன்னு ரெண்டு நாள் தங்குற மாதிரி தனியா வாங்க.

[திரையில்: நீலக் கோடு மட்டும் ஒளிர்கிறது]

இந்த நீலக் கோட்டுக்குப் பேரு டவுன்டவுன் லைன். 2013-ல ஆரம்பிச்சு, 2017-ல எக்ஸ்போ வரைக்கும் வந்துச்சு. சாங்கி விமான நிலையத்துல ஏறினா அடுத்த ஸ்டேஷனே எக்ஸ்போ. அங்க இறங்கி நீலக் கோட்டுக்கு மாறினா, பழைய வழக்கப்படி 'தானா மேரா'ங்கிற ஸ்டேஷன் வரைக்கும் போய் மாற வேண்டியதில்லை.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. லிட்டில் இந்தியா ஸ்டேஷன் இதே நீலக் கோட்டுலதான் வருது. ஆனா ரயில் அங்க நேரா போகாது. ஜாலான் புசார் வரைக்கும் வந்துட்டு, சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ்னு நகரத்தையே ஒரு சுத்து சுத்திட்டுத்தான் லிட்டில் இந்தியாவுக்குள்ள வரும். அதனால ஜாலான் புசார்லயே இறங்கிடுங்க. டன்லப் தெருவுல நடந்தா அப்துல் கஃபூர் பள்ளிவாசல் வரும். பச்சையும் மஞ்சளுமா, நூறு வருஷத்துக்கு மேல பழசு. அதைத் தாண்டி அப்படியே போனா சிராங்கூன் ரோடு, தேக்கா அங்கதான் இருக்கு.

டிக்கெட்டுக்குத் தனியா எதுவும் வாங்க வேண்டாம். தட்டிப் பணம் கட்டுற வங்கி அட்டை இருந்தா அதையே வாசல்ல தட்டிட்டுப் போகலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சின்னதா ஒரு கட்டணம் பிடிப்பாங்க. பெட்டியடியில பத்திரமா வெச்சிருக்கிற அந்தக் காலத்து ரயில் அட்டை இனி நினைவுப் பொருள்தான். ஆனா பழைய சிங்கப்பூர் நோட்டு, கப்பல் படம் போட்டதா இருந்தாலும், இன்னும் செல்லும். கடைக்காரப் பையன் ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

[திரையில்: தேக்கா நிலையம், கீழ்த்தளம்]

தேக்காவுக்கு ரெண்டு மணி நேரமாவது கொடுங்க. ஒரு பக்கம் ஈரச்சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைங்க, மாடியில துணிக்கடைங்க. முதல்ல மேஜை பிடிக்கணும். மேஜை மேல டிஷ்யூ பாக்கெட் ஒண்ணு இருந்தா அது ஆள் பிடிச்ச இடம், உட்காராதீங்க. அப்புறம் தேநீர். சும்மா "தே"ன்னு கேட்டா கெட்டிப்பால் ஊத்தி இனிப்பா வரும். "தே ஓ"ன்னா பால் இல்லாம சர்க்கரை மட்டும். "தே சி"ன்னா கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரை வேண்டாம்னா கூட ஒரு "கோசோங்" சேர்த்துக்குங்க. பரோட்டாவை இங்க "பிராட்டா"ன்னுதான் கேட்பாங்க. தொட்டுக்க மீன் குழம்பு கேளுங்க. விமானத்துல கொடுத்த சாப்பாட்டை மறக்க இது போதும்.

சாப்பிட்டு முடிச்சதும் அப்படியே எழுந்து போயிடாதீங்க. பழையவங்களுக்கு இதுதான் பழக்கம் வராத புது விதி. 2021-ல இருந்து தட்டை நாமளே கொண்டு போய் வைக்கணும். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை அபராதம்.

வெளியே வந்தா பஃபலோ ரோட்டுல காய்கறி, சிராங்கூன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கேம்பல் லேன்ல பூமாலை. அங்கேயே 2015-ல திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கு. வெயில் தாங்கலன்னா ஒரு மணி நேரம் குளுகுளுன்னு உள்ளே இருக்கலாம், தென்னிந்தியர்கள் இங்க வந்த கதையையும் பார்க்கலாம். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போறவங்க சாயங்காலமாப் போங்க, மத்தியானம் நடை சாத்தியிருக்கும்.

சில இடங்களைத் தேடி அலையாதீங்க, ஏன்னா அது இப்போ இல்லை. ஆணியில இருந்து பழைய வாட்ச் வரைக்கும் தரையில பரப்பி வித்த சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில மூடிட்டாங்க. மலேசியா ரயில் ஏறின தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல 2011-க்கு அப்புறம் ரயில் நிக்கலை. ஜூரோங் பறவைப் பூங்காவும் 2023-ல மண்டாய் பக்கம் போயிடுச்சு. எல்லாச் சாமானும் கிடைக்கிற பெரிய கடையான முஸ்தபா அதே சையத் ஆல்வி ரோட்லதான் இருக்கு. ஆனா நடுராத்திரியில எப்ப வேணும்னாலும் போகலாம்னு இருந்த பழக்கம் கொரோனாவோட போச்சு, நேரத்தைப் பார்த்துட்டுப் போங்க. முஸ்தபாவுக்குள்ள போனா வெளியே வர்ற நேரம் உங்க கையில இருக்காதுங்கிறதால, இந்தப் பிளான்ல நான் அதைச் சேர்க்கவே இல்லை.

[திரையில்: பேஃபிரண்ட், அந்தி நேரம்]

ஆறரை மணிக்கு லிட்டில் இந்தியா ஸ்டேஷன். அதே நீலக் கோடு, நாலாவது நிறுத்தம் பேஃபிரண்ட். மேல வந்தா மூணு கோபுரம், அதுக்கு மேல கப்பல் மாதிரி ஒண்ணு, அதுதான் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல். இதெல்லாம் 2010-ல வந்தது. பக்கத்துல கரையோரப் பூந்தோட்டம், 2012. கடலைத் தூர்த்த நிலம் இது, நீங்க கடைசியாப் பார்த்தப்போ காலியாத்தான் கிடந்திருக்கும். கண்ணாடிக் கூடத்துக்கு டிக்கெட் வேணும், அதை விட்டுடுங்க. வெளியில மரம் மாதிரி உயரமா கட்டியிருக்கிற சூப்பர் மரங்களுக்கு அடியில உட்கார காசு கிடையாது. இங்க வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறையும். 7:45-க்கு ஒளியும் இசையுமா ஒரு காட்சி. கால் மணி நேரத்துல முடிஞ்சுடும். அடுத்த காட்சி 8:45-க்கு. ஆசை வரும், ஆனா 11 மணி விமானத்துக்கு அது சரிப்படாது.

8:05-க்கு ரயில் பிடிச்சா, எக்ஸ்போல மாறி, 9 மணி வாக்குல சாங்கி. அடுத்த விமானம் விடியக்காலைன்னா, விமான நிலையத்தை ஒட்டின ஜூவல்ங்கிற கடைத்தொகுதிக்கு நேரம் இருக்கும். முதலாம் முனையத்தோட பழைய கார் நிறுத்துமிடம் இருந்த இடத்துல 2019-ல கட்டினது. கூரையில இருந்து 40 மீட்டர் அருவி கொட்டுது. அதை வெளிப்பக்கம் கட்டியிருக்காங்க. குடிநுழைவைத் தாண்டி உள்ளே போயிட்டா திரும்பி வர முடியாது, முதல்ல அருவியைப் பார்த்துடுங்க. நள்ளிரவு தாண்டி ஊருக்குள்ள மாட்டிக்கிட்டீங்கன்னா டாக்ஸிதான். மீட்டருக்கு மேல பாதி கூடுதலா வரும்.

ஆறு மணி நேரம்தான் இருக்குன்னா இந்தப் பிளானைத் தொடாதீங்க. இடைவெளி அஞ்சரை மணி நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள இருக்கிற பயணிகளுக்கு சாங்கியே இலவசமா ஒரு சுற்றுலா நடத்துது, ரெண்டரை மணி நேரம், பஸ்ல. அதுக்கும் நுழையற அனுமதி வேணும். இடம் சீக்கிரம் நிரம்பிடும், அதனால ஆன்லைன்ல முன்னாடியே பதிவு பண்ணிடுங்க.