பல் டாக்டர்கிட்ட "கருவி சுத்தமா இருக்கா"ன்னு கேட்கலாமா?

அடுத்த கேள்வி, ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "ரூட் கேனால் பண்ணிட்டு இருக்கேன் டாக்டர். அங்க கிளவுஸ் போடறாங்க, ஊசியும் புதுசுதான். ஆனா மத்த சாமான் எல்லாம் ட்ரேல திறந்தே கிடக்கு. கேட்டா கோவிச்சுப்பாங்களோ?"

தாராளமா கேளுங்கம்மா. உங்க வாய், உங்க ரத்தம்.

நிறைய பேர் கிளவுஸை மட்டும்தான் பார்க்கறாங்க. அதே கிளவுஸோட டிராயரைத் திறந்து, போனை எடுத்துப் பேசிட்டு மறுபடி வாய்க்குள்ள கை வெச்சா என்ன பிரயோஜனம்?

நீங்க பார்க்க வேண்டியது, கருவியைப் போட்டு மூடி வெச்சிருக்கற கவர். இதோ, இந்தப் பக்கம் பேப்பர், அந்தப் பக்கம் பிளாஸ்டிக். ஓரத்துல சின்னதா ஒரு அடையாளம் இருக்கு பாருங்க, ஆட்டோகிளேவ்ல, அதாவது நீராவியால கிருமியைக் கொல்ற மெஷின்ல, சூடு பட்டா நிறம் மாறிடும். அது மாறியிருக்கணும், கவர் கிழியாம, ஈரமில்லாம இருக்கணும். முக்கியமா, நீங்க சேர்ல உட்கார்ந்த பிறகு உங்க எதிர்லயே பிரிக்கணும். பல்லைக் குடையற அந்த ஹேண்ட்பீஸுக்கும் இதே கதைதான். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போதாது, உள்ளேயும் எச்சில் போயிருக்கும்.

"வெந்நீர்ல கொதிக்க வெச்சோம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. சில கிருமி கெட்டியான உறைக்குள்ள ஒளிஞ்சுக்கும், கொதிக்கிற தண்ணி அதை ஒண்ணும் பண்ணாது. ஆட்டோகிளேவ்ங்கறது நம்ம குக்கர் மாதிரிதான். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிஷத்துக்குக் குறையாம வைக்கணும். மஞ்சள் காமாலை பி வைரஸ் காய்ஞ்ச ரத்தத்துலகூட 7 நாள் உயிரோட இருக்கும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இன்னொண்ணு, சலைன் பாட்டில், அதாவது சிகிச்சை பண்ற இடத்தைக் கழுவற உப்புத் தண்ணி. இதை யாருமே கவனிக்கறதில்ல. 2023-ல வாணியம்பாடியில ஒரு பல் கிளினிக்ல சிகிச்சை எடுத்தவங்களுக்கு மூளை வரைக்கும் கிருமி ஏறிடுச்சு. 8 பேர் இறந்துட்டாங்க. தேடிப் பார்த்தா, திறந்து வெச்சுப் பயன்படுத்திட்டு இருந்த சலைன் பாட்டில்ல இருந்துச்சு அந்தக் கிருமி, மெலியாய்டோசிஸ்ங்கற நோயைக் கொண்டு வர்றது. சாதாரணமா மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கறது! பல் வலின்னு போனவங்கம்மா அவங்க. எனக்கு இன்னும் மனசு ஆறல.

அதனால, பல்லு எடுக்கறப்போ, ஈறு கிழிச்சு ஏதாவது பண்றப்போ, "சலைன் புது பாட்டிலா டாக்டர்"னு கேட்டுடுங்க.

எப்படிக் கேட்கறதுன்னு கூச்சமா இருந்தா, "கவரை என் முன்னாடியே பிரிங்க டாக்டர், எனக்குக் கொஞ்சம் பயம்"னு சொல்லுங்க. ஒழுங்கா செய்யறவங்களுக்கு அதைப் பிரிச்சுக் காட்ட அரை நிமிஷம்கூட ஆகாது. கோவிச்சுக்கிட்டாங்கன்னா, எழுந்து வந்துடுங்க. மிச்ச ரூட் கேனாலை வேற டாக்டர் முடிச்சுக் குடுப்பார், எக்ஸ்ரேயை மட்டும் மறக்காம வாங்கிக்கோங்க.