கொறிக்காத எலி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

"எலிதானே!" என்று சொல்லித் தள்ளிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. அப்படித் தள்ளிவிட முடியாத ஓர் எலியைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், ஈரம் சொட்டும் மலைக்காடுகளில் அது வாழ்கிறது. லாட்டிமோஜோங், கண்டாங் தேவாட்டா ஆகிய இரு மலைகளில் கிடைத்த எலிகளை ஆராய்ந்து, 2012இல் ஜேக்கப் எசல்ஸ்டின், அனாங் அச்மாடி, கெவின் ரோவ் ஆகிய மூவரும் பௌசிடென்டோமிஸ் வெர்மிடாக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

அந்த எலியின் வாயைத் திறந்து பாருங்கள். கடைவாய்ப் பற்கள் ஒன்றுகூட இல்லை! முன்னே வெட்டுப்பற்கள் மட்டும் இருக்கின்றன. மேல்தாடையில் உள்ள அந்தப் பற்களும் வழக்கமான உளி முனையோடு இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு சிறு கூர்களாகப் பிளந்திருக்கிறது. அவற்றை வைத்துக்கொண்டு கொட்டையை உடைக்க முடியாது, மரப்பட்டையைச் சுரண்ட முடியாது. உலகில் அறியப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொறிவிலங்குகளில் இப்படி ஒன்று வேறெங்கும் இல்லை. முன்பல்லால் கொறிப்பதும் கடைவாயால் அரைப்பதும்தானே அந்த இனத்தையே உலகெங்கும் பரப்பிய வித்தை? அதையே கைவிட்டுவிட்டு ஒரு விலங்கு பிழைத்திருக்கிறது என்பதை அறிந்தபோது நான் மலைத்துப்போனேன்.

எப்படிப் பிழைக்கிறது? அதன் வயிற்றில் கிடைத்தவை மண்புழுத் துண்டுகள் மட்டுமே. நம் வீட்டு மூஞ்சூற்றைப் போல் நீண்டு ஒடுங்கிய மூக்கு அதற்கு. மண்புழுவைத் துண்டாக்கி அப்படியே விழுங்கிவிடலாம். அரைக்க வேண்டிய அவசியமே இல்லை. பிலிப்பைன்ஸின் லூசோன் மலைகளிலும் மண்புழு தின்னும் எலிகள் இருக்கின்றன. அவற்றின் கடைவாய்ப் பற்கள் சிறுத்துப்போயிருந்தாலும் அடியோடு மறையவில்லை. கடைசி அடியையும் எடுத்துவைத்தது சுலாவெசி எலிதான்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே தீவின் வடக்கே டாக்கோ மலையிலிருந்து பன்றி மூக்குடைய இன்னொரு புதிய எலியையும் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பெரும் பாலூட்டிகளைத் தேடி அலையும் நம் கண்களுக்கு இவை செய்தியாகவே படவில்லை என்பதுதான் என் வருத்தம். கண்டாங் தேவாட்டா 2016இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, மனமார வரவேற்கிறேன். தீவின் மற்ற மலைகளிலும், காடு நிற்கும்போதே, பொறிகளோடும் பொறுமையோடும் ஆய்வாளர்கள் ஏற வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கும்போது "எலிக்கா?" என்று யாரும் கேட்கக் கூடாது.