கணுக்காலை அளந்த பிறகு இரும்பைத் தொடலாம்

நேயர்களுக்கு வணக்கம். வானொலிக்குப் பக்கத்தில் ஒரு நூல்கண்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிகவும் ஒல்லியாக இருக்கும் இடத்தைச் சுற்றி நூலை வைத்து அளந்து பாருங்கள். அடுத்து, குதிகாலின் பின்முனையில் தொடங்கிப் பாதத்தின் மேல்மேட்டைச் சாய்வாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். எனக்கு முதல் அளவு 23 சென்டிமீட்டர், இரண்டாவது 33. உங்களுக்குச் சற்றுக் கூடலாம், குறையலாம். கைதியின் காலில் பூட்டும் விலங்கை வடிவமைப்பதில் பாதி சங்கதி இந்த இரண்டு அளவுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

நான் செம்பனை ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், வீட்டின் பின்புறம் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி போலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறாள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, கைதிகளை மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகும்போது மாட்டும் கால்விலங்கு. "மாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று வரைபடத்தை நீட்டினாள். எட்டு மில்லிமீட்டர் எஃகு வளையம், பக்கத்துக்கு ஒரு பூட்டு, என் சுண்டுவிரல் தடிமனில் சங்கிலிக் கண்ணிகள்.

"என்னம்மா இது, ஆனைக்கா?" என்றேன்.

"யாராலும் உடைக்க முடியாது மாமா" என்றாள் பெருமையாக.

விலங்கை உடைத்துக்கொண்டு ஓடுகிறவனைத் திரைப்படத்தில்தான் பார்க்கலாம். உண்மையில் விலங்கு தோற்பது சாவியிலும், அளவிலும், மாட்டியவரின் அவசரத்திலும். எஃகின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் இவற்றில் ஒன்றுகூடச் சரியாகாது. கூடும் எடை மட்டும் கைதியின் கணுக்காலில் ஏறும்.

இப்படி ஒரு விஷயத்தை வானொலியில் பேச வேண்டுமா என்று நிகழ்ச்சியைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் கேட்டார். வடக்கே தைப்பிங்கில் 1879-இல் கட்டிய சிறைச்சாலை இன்றும் இருக்கிறது. நம் தோட்டத்துத் தாய்மார்களில் மகனைப் பார்க்கப் பஸ் ஏறிப் போனவர்கள் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் எண் வாங்கிக் காத்திருக்கும்போது, இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே தத்தித் தத்தி நடந்து வரும் ஒருவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் காலில் என்ன இருக்கிறது, அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை.

நூலுக்கு வருகிறேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை ஒடுங்கிவிடும். எலும்பு மெலிந்த சிலர் கைவிலங்கைச் சோப்புத் தண்ணீர்கூட இல்லாமல் உருவிவிடுவார்கள். அதனால் கைவிலங்கைச் சற்று ஒட்டித்தான் மாட்ட வேண்டியிருக்கிறது. குதிகால் எலும்பை மடக்க யாராலும் முடியாது. ஆகவே 23 சென்டிமீட்டர் கணுக்காலில் வளையத்தை 25, 26-இல் நிறுத்தினாலும் அது குதிகாலைத் தாண்டி இறங்காது. கால்விலங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே கிடையாது. இது தெரியாதவர்கள் கைவிலங்கு மாட்டிப் பழகிய கையால் கால்விலங்கையும் அதே இறுக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். தளர்வாக விட்டால் வேறொரு தொல்லை உண்டு. வளையம் இறங்கிக் கணுக்கால் எலும்பின் மேல் உட்கார்ந்து ஒவ்வோர் அடிக்கும் உரசும். அதற்கு மருந்து வளையத்தின் உள்விளிம்பில் இருக்கிறது. விளிம்பு அகலமாக இருக்க வேண்டும், அரம் போட்டு நன்றாக உருட்டியிருக்க வேண்டும். வெட்டிய தகட்டின் கூர் அப்படியே இருந்தால் அது விலங்கில்லை, கத்தி.

இப்போது பூட்டு. பழைய விலங்குகளில் வளையம் ஒரே அளவுதான். ஒருவனுக்குப் பிடிக்கும், இன்னொருவனுக்குக் கழன்று விழும். 1862-இல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் பற்கள் வைத்த வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்துதான் காலுக்கேற்ற அளவில் நிறுத்தும் ராட்செட் விலங்கு வந்தது. 1912-இல் கார்னி என்ற இன்னொரு அமெரிக்கர், பற்கள் உள்ள கை ஒரு சுற்று முழுதாகச் சுழன்று உள்ளே வரும்படி செய்தார். இன்று உலகமெங்கும் காவலர்கள் இடுப்பில் தொங்குவது பெரும்பாலும் அந்த வடிவத்தின் வாரிசுதான். காலுக்கு வருவதும் அதே அமைப்பு, வளையம் பெரிது, நடுவில் நீண்ட சங்கிலி.

கையில் வைத்துப் பார்த்தால் வேலை எளிது. வளையத்தின் அசையும் கையில் வரிசையாகப் பற்கள். விலங்கின் உடம்புப் பகுதிக்குள் ஸ்பிரிங் தள்ளும் ஒரு நாக்கு. பல் உள்ளே போகும்போது நாக்கு மேலே எழும்பி அடுத்த பள்ளத்தில் 'டிக்' என்று விழும். திரும்பி வர விடாது. சாவி அந்த நாக்கைத் தூக்கினால் வளையம் திறக்கும். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இந்த அமைப்புக்கு ஒரே ஒரு திசைதான் தெரியும். கைதி வேனில் உட்கார்ந்திருக்கிறார், வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது, அசையும் கை இருக்கையின் இரும்புக் காலில் முட்டுகிறது. ஒரு 'டிக்'. இன்னொரு முட்டல், இன்னொரு 'டிக்'. ஈப்போ போய்ச் சேர்வதற்குள் ஒரு விரல் இடைவெளியோடு மாட்டிய வளையம் தோலைக் கவ்வியிருக்கும். யாரும் இறுக்கவில்லை, தானாக இறுகிவிட்டது.

இதைத் தடுப்பதற்காகத்தான் இரட்டைப் பூட்டு. மாட்டி முடித்ததும் சாவியின் மறுமுனையில் இருக்கும் சிறிய முளையைப் பக்கத்திலுள்ள துளையில் வைத்து அழுத்த வேண்டும். உள்ளே ஒரு சின்னத் தகடு நகர்ந்து நாக்கின் முதுகில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு நாக்கு எழும்பாது, வளையம் இறுகவும் இறுகாது, தளரவும் தளராது. திறக்கும்போது சாவியை முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி அந்தத் தகட்டை விலக்கிவிட்டு, பிறகு வழக்கமான பக்கம் திருப்ப வேண்டும். அந்தப் பெண்ணின் படத்தில் இரண்டு பூட்டுகள் இருந்தன, இந்த இரட்டைப் பூட்டு இல்லை. இரண்டும் வேறு வேறு. என் பென்சில் முதலில் போனது அங்கேதான்.

எதற்கு இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். கணுக்கால் பகுதியில் சதை கிடையாது. உள்பக்க எலும்புக்குப் பின்னால் பாதத்துக்குப் போகும் ரத்தக்குழாயும் பெரிய நரம்பும் சேர்ந்து ஓடுகின்றன. முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே மெல்லிய உணர்வு நரம்புகள் இருக்கின்றன. பின்னால் குதிகால் தசைநாண். இறுகிய வளையம் இவற்றை எலும்போடு சேர்த்து நசுக்குகிறது. முதலில் மரத்துப்போகும், பிறகு மாதக்கணக்கில் எரிச்சல் இருக்கும். இன்னொன்று, நம் நாட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. அந்த நோய் முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். வளையம் தோலைக் கிழித்தாலும் அவருக்குத் தெரியாது. "வலித்தால் சொல்லுவான்" என்று அதிகாரி காத்திருந்தால், அவன் சொல்லவே மாட்டான். புண் ஆறாமல் விரல் போன கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றன, விலங்கே இல்லாமல். அதனால் கைதியைக் கேட்பதோடு நின்றுவிடாமல், வளையத்துக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும், ஆகவே பயணத்தின் நடுவிலும் பார்க்க வேண்டும்.

சங்கிலிக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கால்விலங்கில் சங்கிலி ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், மொத்த எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. நடக்கலாம், ஓட முடியாது என்பதுதான் கணக்கு. ஆனால் படி ஏறுவது? கையிலும் விலங்கு இருக்கும் மனிதர் தடுக்கினால் ஊன்றக் கை வராது, முகம்தான் தரையில் மோதும். வேனின் முதல் படி எவ்வளவு உயரம் என்று அவளைக் கேட்டேன். அளக்கவில்லை என்றாள். சங்கிலியை நீட்டினால் ஓட வழியாகும், குறைத்தால் விழ வழியாகும். இந்தச் சிக்கலைச் சங்கிலியில் தீர்க்க முடியாது. வேனில் தாழ்வான ஒரு மிதிபலகை வைக்க வேண்டும், ஏற்றும்போது ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விலங்கை வேனோடு சேர்த்துப் பூட்டுவது கூடவே கூடாது. வண்டி தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் கதி என்ன? இதெல்லாம் அவள் படத்துக்கு வெளியே இருப்பவை. ஆனால் படத்தோடு சேர்த்துப் பக்கம் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறாள். சங்கிலியின் இரு முனையிலும் சுழல்கண்ணி வைக்கவும் சொன்னேன். இல்லாவிட்டால் நடக்க நடக்கச் சங்கிலி முறுக்கிக்கொண்டு இன்னும் குட்டையாகிவிடும்.

பூட்டே இல்லாத விலங்கும் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. ரப்பர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும். சாலை போட்டவர்கள் அவர்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்களும் அவர்கள்தான். புதிதாக வந்தவர்களுக்குக் காலில் இரும்பு, நன்னடத்தை கண்ட பிறகு அந்த இரும்பிலிருந்து விடுதலை. அந்தக் கால இரும்பைக் கணுக்காலில் வைத்து ஆணி கடாவி அறைந்துவிடுவார்கள். கழற்றுவதற்குப் பட்டறைக்காரன் உளியும் சுத்தியலும் கொண்டு வர வேண்டும். அந்த மனிதனுக்குக் காய்ச்சல் வந்தாலும், ஆற்றில் விழுந்தாலும், பட்டறைக்காரன் வரும்வரை இரும்பு காலில்தான் இருக்கும். அதை அடித்தவனும் என் தொழில்காரன்தான் என்று நினைக்கும்போது எனக்கு நல்ல நினைப்பு வரவில்லை.

அந்த வகை இரும்பு அத்தோடு ஒழிந்துவிடவில்லை. இரண்டு கணுக்கால் வளையங்களைக் கனத்த கம்பியால் இணைக்கும் கம்பி விலங்கு டில்லி திகார் சிறையில் 1970-களிலும் இருந்தது. 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்த அமர்வு அது. 2015-இல் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை, 27 ஆண்டு சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரில் கைதிகளை நடத்தும் விதிகளைப் புதுப்பித்தது. அதன் 47-ஆவது விதி, இழிவுபடுத்தும் அல்லது வலி தரும் தன்மையுள்ள சங்கிலிகளையும் இரும்புகளையும் அறவே தடை செய்கிறது. இடமாற்றத்தின்போது தப்பிக்காமல் இருக்க மற்ற கருவிகளைச் சட்டப்படி மாட்டலாம், நீதிபதி முன் நிறுத்தும்போது கழற்றிவிட வேண்டும். 48-ஆவது விதி, பிரசவ வலியிலும் பிரசவத்திலும் அதற்கு அடுத்த நேரத்திலும் பெண்களுக்கு எந்தக் கட்டும் கூடாது என்கிறது. பிரசவத்தில் இருப்பவள் எங்கே ஓடப்போகிறாள் என்று இதை எழுதி வைக்க வேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு வியப்பு.

நீதிமன்றம் என்றதும் இன்னொரு கருவி. அமெரிக்காவில் கால்சட்டைக்குள் மறைத்து மாட்டும் முழங்கால் பட்டை உண்டு. எழுந்து நின்றால் மூட்டு பூட்டிக்கொள்ளும், நெம்புகோலைத் தட்டினால்தான் மடக்கி உட்கார முடியும். விலங்கு கண்ணுக்குத் தெரிந்தால், ஜூரி எனப்படும் பொதுமக்கள் நடுவர்களின் மனம் சாயும் என்பதற்காக இந்த மறைவு. 2005-இல் டெக் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தக்க காரணம் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் விலங்கோடு ஒருவரை நடுவர்கள் முன் நிறுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மறைத்து மாட்டுவது கெட்டிக்காரத்தனமான தீர்வுதான். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கண்ணுக்குத் தெரியாத விலங்கு இறுகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

மருத்துவமனையில் எஃகு பல இடங்களில் உதவாது. எம்ஆர்ஐ அறைக்குள் இரும்பு போனால் காந்தம் இழுத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் எலும்பை மறைக்கும். அங்கே கெட்டியான நாடாவோ பிளாஸ்டிக்கோதான். நாடா வியர்வையையும் ரத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒருவருக்கு மாட்டியதைக் கழுவாமல் அடுத்தவருக்கு மாட்டினால் தோல்நோயையும் சேர்த்து மாட்டுகிறோம். அவள் எஃகு வளையத்துக்கு உள்ளே கழற்றித் துவைக்கக்கூடிய ஓர் உறை வரைந்திருக்கிறாள். நல்ல யோசனை, அது முழுக்க அவளுடையது.

கடைசியில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத இடம் சாவி. சாதாரணக் காவல் விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே மாதிரிச் சாவிதான். களவாணிக்கும் அது கிடைக்கும். ஆனாலும் மயங்கி விழுந்தவரின் காலைத் திறக்க எந்த அதிகாரியாலும் முடியும். அவளுக்கு மின்பூட்டு வேண்டுமாம், எண் தட்டினால் திறக்க வேண்டுமாம். "பேட்டரி தீர்ந்தால்?" என்றேன். "எத்தனை மணிக்குப் பூட்டியது, எத்தனை மணிக்குத் திறந்தது என்று அதில் பதிவாகும் மாமா. சாவியில் அது பதிவாகாது. தேவையான நேரத்துக்கு மேல் மாட்டக் கூடாது என்று விதி இருக்கிறது என்றீர்களே, அந்த நேரத்தை யார் குறித்து வைப்பது?" என்று கேட்டாள். இப்போதைக்குப் பூட்டு எஃகுச் சாவியிலும், நேரம் பதியும் மின்னணுச் சில்லு தனியாகவும் என்று ஒரு படம் போட்டிருக்கிறோம். சில்லு செத்தாலும் சாவி திறக்கும். அது நனைந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.