2017 டிராஃப்ட்: ஒரு சீசன் முடிந்ததும் பட்டியலைத் திருத்துவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் டிராஃப்ட், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, முடிந்து ஒரு சீசன் ஓடிவிட்டால் போதும், ஆளாளுக்கு அந்தத் தேர்வுப் பட்டியலைக் கலைத்து மறுபடி அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுக்கலாம், தப்பில்லை. ஆனால் வட அமெரிக்காவின் தலைமை லீகான என்.எச்.எல்.லின் சட்டையை மாட்டிக்கொண்டவரை மேலே ஏற்றி, மற்றவர்களைக் கீழே இறக்குவது திருத்தம் ஆகாது. அவரவர் எந்த லீகில், எந்த வயதில், யாரோடு ஆடி அந்தப் புள்ளிகளை (கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிவிட்ட பாஸுக்கு ஒன்று) எடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் வரிசையைத் தொட வேண்டும்.

2017 டிராஃப்டின் முதல் ஐந்து பேரை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சி அணி நிக்கோ ஹிஷியரை எடுத்தது. பிலடெல்ஃபியா நோலன் பாட்ரிக், டல்லஸ் மீரோ ஹெய்ஸ்கனன், கொலராடோ கேல் மக்கார், வான்கூவர் எலியாஸ் பெட்டர்சன். ஓராண்டு கழித்துக் கணக்கு இது: ஹிஷியர் என்.எச்.எல்.லில் 82 ஆட்டம், 52 புள்ளி. பாட்ரிக் அதே லீகில் 73 ஆட்டம், 30 புள்ளி. பெட்டர்சன் ஸ்வீடனின் முதல்தர லீகில் 44 ஆட்டம், 56 புள்ளி. ஹெய்ஸ்கனன் பின்லாந்தில் 30 ஆட்டம், 23 புள்ளி. மக்கார் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணியில் 34 ஆட்டம், 21 புள்ளி. இதை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ரூபாயையும் டாலரையும் மாற்றாமல் கூட்டுகிற கதைதான்.

மாற்றும் முறை எளிது. புள்ளிகளை ஆட்டங்களால் வகுங்கள். அந்த லீகுக்கான எடையால், அதாவது அங்கே எடுத்த ஒரு புள்ளி என்.எச்.எல்.லில் எவ்வளவுக்குச் சமம் என்ற எண்ணால், பெருக்குங்கள். பிறகு அப்போதைய என்.எச்.எல். சீசனின் ஆட்ட எண்ணிக்கையான 82ஆல் பெருக்குங்கள். எடை, கணக்குப் போடுபவரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஸ்வீடன் முதல்தர லீகுக்கு ஏறத்தாழ 0.6, கனடா ஜூனியர் லீகுகளுக்கு ஏறத்தாழ 0.3 என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டர்சனுக்கு 56ஐ 44ஆல் வகுத்தால் 1.27. அதை 0.6ஆல் பெருக்கினால் 0.76. 82 ஆட்டத்துக்கு 62 புள்ளி. அடுத்த சீசனில் அவர் வான்கூவருக்காக 71 ஆட்டத்தில் எடுத்தது 66. அதே 1.27 ஒரு ஜூனியர் லீகில் வந்திருந்தால் 31தான் கிடைத்திருக்கும்.

கணக்கு சறுக்கும் இடமும் உண்டு. ஹிஷியர் டிராஃப்டுக்கு முந்தைய சீசனில் ஹாலிஃபாக்ஸ் ஜூனியர் அணிக்காக 57 ஆட்டத்தில் 86 புள்ளி எடுத்தார். மாற்றினால் 37 வரும். அவர் எடுத்ததோ 52. பையன் அதற்குள் வளர்ந்திருந்தார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவரோடு ஒரே லைனில், அதாவது சேர்ந்தே களமிறங்கும் மூவர் கூட்டில், ஆடியவர் டெய்லர் ஹால். அந்த ஆண்டு 93 புள்ளி எடுத்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதான ஹார்ட் கோப்பையை வாங்கியவர். அதற்காக ஹிஷியரின் புள்ளிகளைக் குறைக்கச் சொல்லவில்லை. ஹால் களத்தில் இல்லாதபோது என்ன நடந்தது என்று தனியே பாருங்கள். பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறைவாக இருக்கும்போது) வந்ததையும் ஐவருக்கு ஐவர் ஆடும்போது வந்ததையும் பிரித்து எழுதுங்கள். கோலுக்கு நேரே முந்தைய பாஸையும் அதற்கும் முந்தைய பாஸையும் ஒரே விலைக்கு எடுக்காதீர்கள்.

வயதை வருடத்தில் பார்த்தால் போதாது, மாதத்தில் பாருங்கள். டிராஃப்டுக்கு வர, அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் பதினெட்டு வயது நிறைய வேண்டும். பாட்ரிக் பிறந்தது 1998 செப்டம்பர் 19. நான்கு நாள் முந்திப் பிறந்திருந்தால் 2016 டிராஃப்டிலேயே வந்திருப்பார். ஹெய்ஸ்கனன் 1999 ஜூலை 18. இருவருக்கும் பத்து மாத இடைவெளி. பதினெட்டு வயதில் பத்து மாதம் என்பது தோள் அகலத்திலேயே தெரியும். அந்த வயதில் ஹெய்ஸ்கனன் ஆடியது வளர்ந்த ஆண்களோடு. அந்தக் குளிர்காலமே பியோங்சாங் ஒலிம்பிக்கிலும் பின்லாந்துக்காக ஆடினார். தடுப்பாட்டக்காரருக்கு 30 ஆட்டத்தில் 11 கோல் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மக்கார் விஷயத்தில்தான் பலர் ஏமாந்தார்கள். ஆல்பர்ட்டாவின் இரண்டாம்நிலை ஜூனியர் லீகில் 54 ஆட்டத்தில் 75 புள்ளி எடுத்தவர், கல்லூரியில் 34 ஆட்டத்தில் 21க்கு இறங்கினார். அது சரிவு மாதிரித் தெரியும். ஆனால் அவர் ஒரே தாவலில் இரண்டு படி ஏறியிருந்தார். எதிரே நின்றவர்களில் 22, 23 வயதுக்காரர்கள் நிறைய. அடுத்த ஆண்டு அதே அணிக்காக 41 ஆட்டத்தில் 49 புள்ளி எடுத்து, கல்லூரி ஹாக்கியின் ஹோபி பேக்கர் விருதை வாங்கினார். லீக் மாறிய ஆண்டில் எண் குறைந்ததற்காக யாரையும் கீழே தள்ளாதீர்கள்.

இன்னொரு பொறி, ஒன்பது ஆட்டம். 18, 19 வயதுக்காரர் என்.எச்.எல்.லில் பத்தாவது ஆட்டம் இறங்கினால் அவருடைய மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஓராண்டு செலவாகிவிடும். அதனால் ஒன்பதோடு நிறுத்தி ஜூனியருக்கு அனுப்பிவிடுவது உண்டு. பையன் தேறவில்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கணக்கப்பிள்ளை போட்ட கணக்கு.

இனி அடுக்கும் வேலை. ஒன்று, இரண்டு என்று எண் போடுவதற்கு முன் பெயர்களை மூன்று நான்கு கூடைகளாகப் பிரியுங்கள். கூடைக்குள் இடம் மாற்ற ஒரு நல்ல சீசன் போதும். கூடை மாற்ற, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்று வேண்டும். பெட்டர்சனுக்கு அது இருந்தது: சீசனில் 56 புள்ளி, அதன் பிறகு பிளே-ஆஃபில் 13 ஆட்டத்தில் 19 புள்ளியோடு அவருடைய ஸ்வீடன் அணியான வெக்ஷோவுக்குச் சாம்பியன் பட்டம். மாறாக, நூறு ஷாட்டில் 20 கோல் என்று ஒருவருக்கு வந்திருந்தால் கைதட்டிவிட்டுக் காத்திருங்கள். அடுத்த ஆண்டு அதே நூறு ஷாட்டில் 12தான் வரக்கூடும். கோல் கூடியதை விட, ஷாட் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதே நம்பகமான அறிகுறி.

இப்படிப் பார்த்தால், 2018 கோடையில் நான் எழுதும் வரிசை: பெட்டர்சன், ஹெய்ஸ்கனன், ஹிஷியர், மக்கார், பாட்ரிக். முதல் நால்வரும் ஒரே கூடை. பாட்ரிக்குக்கு டிராஃப்டுக்கு முந்தைய சீசனின் பாதிக்கு மேல் காயத்திலேயே போயிருந்தது. ஆகவே அவரை இறக்குவதும் ஒரு கூடைதான், அதற்கு மேல் இல்லை. பின்னாளில் மக்கார் இவர்கள் எல்லோரையும் தாண்டினார். ஆனால் அந்தக் கோடையில் கையில் இருந்த சான்றை வைத்து அவரை முதலில் போட்டிருந்தால் அது ஊகம்.

கோல்கீப்பர்களை இந்த ஓராண்டுத் திருத்தத்தில் தொடவே வேண்டாம். அதே டிராஃப்டில் 26ஆவதாக டல்லஸ் எடுத்த ஜேக் ஓட்டிங்கர், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேலும் இரண்டு சீசன் நின்றார். டல்லஸ் கோலில் அவர் முதலில் இறங்கியது 2020இல்.