முதலில் தலை திரும்பட்டும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேலாகக் கராத்தே சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மா அப்பாக்களில் பெரும்பாலானவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் வகுப்பு என்பதெல்லாம் முடிந்தபிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "மேடம், நாலு பேர் சேர்ந்து வந்தா இவ சமாளிச்சிருவாளா?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயமும் நியாயமானது. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் 15 நிமிடத்தில் அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கராத்தே வகுப்பைத் தாண்டிப் போகும்போது பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பிக் கையை இறக்கித் தடுப்பார்கள், ஒரு அடி முன்னால் போய்க் குத்துவார்கள், சட்டென்று பின்பக்கம் திரும்புவார்கள், மறுபடி தடுப்பார்கள். அதற்குப் பெயர் கட்டா. எந்த அசைவுக்குப் பிறகு எந்த அசைவு, எந்தத் திசை, எந்த இடத்தில் சத்தம் போட வேண்டும் என்பதெல்லாம் முன்பே வகுத்து வைத்தது. மாற்றக் கூடாது.

முதலில் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஹெய்யான் ஷோடான் என்ற கட்டா. மொத்தம் 21 அசைவு. படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை, அதனால் உங்கள் வீட்டு வாசலையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நிற்கிறீர்கள். முதலில் இடது பக்கத்து வீட்டைப் பார்க்கத் திரும்பி, தடுத்து, ஒரு குத்து. அப்புறம் அப்படியே முழுசாகத் திரும்பி வலது பக்கத்து வீட்டைப் பார்த்துத் தடுப்பு, மூடிய கையின் அடிப்பக்கத்தால் மேலிருந்து ஒரு சுத்தியல் அடி, ஒரு குத்து. பிறகு தெருவை நோக்கி மூன்று அடி, தலைக்கு மேலே கையை உயர்த்தித் தடுத்தபடி. மூன்றாவதில் சத்தம். தெருவின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் முக்கால் வட்டம் சுற்றி, அங்கேயும் இடமும் வலமும். பிறகு உங்கள் வாசலை நோக்கி மூன்று குத்து, மறுபடி ஒரு சத்தம். வாசலுக்கு வந்து, விரல்களைச் சேர்த்து நீட்டிக் கையைக் கத்தி மாதிரி வைத்து நான்கு கத்திக்கைத் தடுப்பு. முடிந்தது.

சரியாகச் செய்தால் தொடங்கிய இடத்திலேயே முடியும். காலடி ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று போனால் முடியும்போது வேறெங்கோ நிற்பீர்கள். நான் இன்றும் பிள்ளைகள் தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைப்பேன். முடித்ததும் குனிந்து பார்த்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இடது, வலது, முன்னால், பின்னால் என்று இத்தனை பக்கம் திரும்புவதால், இது நாலு பேரோடு போடும் சண்டைக்கான பயிற்சி என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது எப்படி உடைந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. எங்கள் வகுப்பு ஒரு மொட்டைமாடியில் நடக்கும். வெயிலில் சுட்ட தரை, சாயங்காலம் ஆறு மணிக்கும் உள்ளங்காலில் சூடு ஏறும். வகுப்புக்கு முன்னால் இரண்டு பேர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்போம். மாவட்டப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. என் கட்டா சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அன்று நாலு பையன்களைக் கூப்பிட்டார். இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன், முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். "நீ கட்டாவைச் செய். அவங்க வரட்டும்" என்றார்.

இடது பக்கத்துப் பையன் குத்தினான். தடுத்தேன். ஒரு அடி வைத்துக் குத்தினேன். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த அசைவுக்காகத் திரும்பத் தொடங்கினேன். அதற்குள் முதலில் வந்தவன் பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துவிட்டான். நான் பின்னால் சாய, வலது பக்கத்துப் பையன் வந்து தோளைப் பிடித்தான். முன்னால் நின்றவனுக்கு வேலையே இருக்கவில்லை. எல்லாம் மூன்று நொடியில் முடிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாஸ்டர், கட்டாவுல இருக்கிற மாதிரி இவன் வரல" என்றேன்.

"அவன் கட்டா படிச்சுட்டா வருவான்?" என்றார் மாஸ்டர்.

அதோடு விடவில்லை. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை, திரும்புவதற்கு முன்னால் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கம் திருப்பி, "பாரு. முதல்ல பாரு. பாத்துட்டு அப்புறம் காலை எடு" என்றார். அந்தக் கையின் சொரசொரப்பு இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. பார்த்தேன். பார்த்த பிறகுதான் தெரிந்தது, முன்னால் நிற்பவனுக்கும் வலது பக்கம் நிற்பவனுக்கும் நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்கு வழி இருக்கிறது. அந்த வழியாக வெளியே போய்விட்டேன். யாரையும் அடிக்கவில்லை. மாஸ்டர் கை தட்டினார்.

நான் நினைத்ததற்கும் கட்டா சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கென்வா மபுனி என்று ஒரு பெரிய ஆசான். ஒகினாவாவில் பிறந்தவர், ஷிட்டோ ரியூ என்ற பள்ளியைத் தோற்றுவித்தவர். 1938இல் வந்த நூலிலேயே அவர் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தக் கட்டா எட்டுத் திசையிலும் நகர்கிறது, ஆகையால் எட்டுப் பேரோடு சண்டை போடுவதற்கானது என்று சிலர் சொல்வது அபத்தம் என்றார். அவர் சொல்லும் விளக்கம் வேறு. அசைவு போகும் திசை எதிராளி வரும் திசை அல்ல. எதிரே வருபவனுக்கு நீங்கள் எந்தக் கோணத்தில் விலகி நிற்க வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒரே ஒரு ஆள்தான். அவனுடைய நேர்க்கோட்டில் நிற்காதே, பக்கவாட்டுக்குப் போ என்கிறது கட்டா.

எட்டுத் திசை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கான்கு டாய். பெரிய கட்டா, 65 அசைவு. 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து ஒகினாவாவுக்கு வந்த குசாங்கு என்பவரின் பெயரில் இருந்த கட்டாவுக்கு, கராத்தேயை ஜப்பான் முழுக்கப் பரப்பிய ஆசான் ஃபுனகோஷி வைத்த புதுப் பெயர் அது. வானத்தைப் பார்த்தல் என்று பொருள். இரண்டு கைகளையும் சேர்த்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொள்ள நடுவில் ஒரு முக்கோண ஓட்டை வரும். அதை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கி, அந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்ப்பது முதல் அசைவு. இத்தனை பெரிய கட்டா, தொடங்குவதே ஒரு பார்வையில். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தலை முதலில், கால் அப்புறம். என் வகுப்பில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இதைச் சொல்வேன். இங்கேயும் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறவர் திரும்பிய பிறகு கண்ணாடியைப் பார்த்தால் என்ன ஆகும்? பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் காலைத் தரையில் வைத்த பிறகு பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தால்? அதேதான். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள், போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறீர்கள். நாலு பேர் அருகில் வந்து நின்ற பிறகு தலை நிமிர்கிறது. இருபது அடி தூரத்திலேயே பார்த்திருந்தால் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு நடந்து போயிருக்கலாம்.

சரி, பார்த்தாகிவிட்டது. ஆனாலும் நாலு பேர் வந்துவிட்டார்கள். அப்போது என்ன?

கபடி தெரியாதவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டீர்கள். பாடிப் போகிறவர் ஒருவர், எதிரே ஏழு பேர். நல்ல ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? நட்டநடுவில் போய் நிற்கிறாரா? நின்றால் இரண்டு ஓரத்திலிருந்தும் வளைத்துக் கையைக் கோத்துச் சங்கிலி போட்டுவிடுவார்கள். அவர் ஒரு ஓரமாக ஓடுவார். ஏழு பேரும் தன் கண்ணுக்கு முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். யாரையும் முதுகுப் பக்கம் விடமாட்டார். கால் ஓயாது. கோடு எங்கே இருக்கிறது என்பது எப்போதும் அவர் மனதில் இருக்கும்.

நான் இப்போது வகுப்பில் பழக்குவதும் அதுதான். மூன்று பேரை எதிரே விடுவேன். பயிற்சி செய்கிறவர் யாரையும் அடிக்கக் கூடாது. மூன்று பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் வரிசையாக வரும்படி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆள் மற்ற இரண்டு பேருக்கும் தடையாக நிற்க வேண்டும். கட்டாவில் வரும் முக்கால் வட்டத் திருப்பம் எதற்கு என்று அப்போதுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருவனைப் பிடித்தபடி அந்தத் திருப்பத்தைச் செய்தால் அவன் சுற்றிப் போய் அடுத்தவன் மேலேயே விழுவான். புதுசாக ஒரு எதிரியைப் பார்க்கத் திரும்புவது என்று நினைத்திருந்தது, பிடித்தவனைச் சுற்றிவிடும் வீச்சாக மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வலது பக்கம் திரும்பியதும் ஒரு சுத்தியல் அடி என்றேன் அல்லவா? அதற்கு முன்னால் கையை உடம்புப் பக்கம் இழுத்து, மேலே சுற்றிக் கொண்டுவருவோம். அது மணிக்கட்டைப் பிடித்தவனிடமிருந்து விடுபடுவது. பக்கத்தில் இருப்பவரை உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு இடைவெளி இருக்கும். பிடியில் பலவீனமான இடம் அதுதான். அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி இழுங்கள். நேராக இழுத்தால் வராத கை அப்போது வரும்.

அப்புறம் அந்தச் சத்தம். ஒன்பதாவது அசைவில் ஒரு தடவை, பதினேழாவதில் ஒரு தடவை, வயிற்றிலிருந்து கத்த வேண்டும். கியாய் என்பார்கள். பையன்கள் முதல் நாளே கத்துவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். பொம்பளைப் பிள்ளை சத்தமாகச் சிரிக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த தொண்டை அது, ஒரே நாளில் எப்படித் திறக்கும்? நாலு பேர் சூழ்ந்துகொண்டால் அந்தச் சத்தம் ஒரு குத்தைவிடப் பெரிய உதவி. கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். மாடியில் விளக்கு எரியும். அம்மாக்களே, உங்கள் மகள் வீட்டில் கத்திப் பழகினால் தடுக்காதீர்கள்.

ஃபுனகோஷியைப் பற்றிச் சொன்னேன். கிச்சின் ஃபுனகோஷி, 1868இல் ஒகினாவாவில் பிறந்தவர். பள்ளிக்கூட ஆசிரியர். 1922இல் டோக்கியோ போய்க் கராத்தேயைச் செய்து காட்டி, ஜப்பான் முழுக்கப் பரவ வழி செய்தவர். இளவயதில் ஆசான் அசாத்தோ வீட்டுக் கொல்லைப்புறத்தில் ராத்திரி ராத்திரியாக ஒரே கட்டாவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்வாராம். விடியற்காலையில் வீடு திரும்புவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் இவர் எங்கே போய்வருகிறாரோ என்று சந்தேகப்பட்டார்களாம். தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

அதே நூலில் இன்னொரு சம்பவம். ஒரு இரவு தனியாக நடந்து வருகிறார். கையில் வீட்டுப் பூஜைமாடத்தில் படைப்பதற்கான பலகாரப் பொட்டலம். முகத்தை மறைத்துக்கொண்ட இரண்டு இளைஞர்கள் வழிமறிக்கிறார்கள். பணம் இல்லை, புகையிலை இல்லை என்கிறார். கடைசியில் அந்தப் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். அவர் கை ஓங்கியிருந்தால் அந்த இரண்டு பேரும் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சில நாள் கழித்துத் தன் ஆசான்களிடம் இதைச் சொல்கிறார். இட்டோசு, நான் உனக்குக் கற்றுக்கொடுத்த காலம் வீண்போகவில்லை என்று பாராட்டுகிறார். அசாத்தோ சிரித்துக்கொண்டே, பலகாரம் போய்விட்டதே, பூஜைக்கு எதைப் படைத்தாய் என்று கேட்கிறார். மனதாரக் கும்பிட்டேன் என்றாராம் ஃபுனகோஷி. அதுதான் கராத்தே என்று மகிழ்ந்தாராம் அசாத்தோ.

அந்த இட்டோசுதான் 1901 வாக்கில் ஒகினாவாவின் பள்ளிக்கூடத்துக்குள் கராத்தேயைக் கொண்டுபோனவர். நான் வாசலில் வைத்துச் சொன்ன அந்த 21 அசைவுக் கட்டா பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் அமைத்தது. ஹெய்யான் என்ற சொல்லுக்கே அமைதி என்றுதான் பொருள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இடம் இல்லாத வீட்டில் எப்படிப் பழகுவது என்று சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்கி ஷோடான் என்று ஒரு கட்டா, 29 அசைவு, முழுக்கப் பக்கவாட்டிலேயே போய் வரும். வயல் வரப்பின் மேல் நின்று சண்டை போடுவதற்காக வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், ஒரு வரப்பு அகலம் இருந்தால் போதும், ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் செய்துவிடலாம். ஒவ்வொரு நகர்வுக்கு முன்னாலும் தலை திரும்பும், கவனித்துச் செய்யுங்கள்.

பெரியவர்களும் சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். என் வகுப்பில் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் இருக்கிறார், போன வாரம்தான் அந்த 21 அசைவையும் முடித்து, சாக்பீஸ் கோட்டின் மேலேயே வந்து நின்றார்.

நன்றி, வணக்கம்.