கன்வென்ஷன்ல ஒரே ஒரு தடவை ஆடுன கேமுக்கு எத்தனை மார்க் போடலாம்?

(திரையில்: கோடு போட்ட நோட்டின் ஒரு பக்கம், பென்சில் கையெழுத்து)

இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு போர்டு கேம் கன்வென்ஷன்ல, அதாவது நிறைய பேர் கூடி நாள் கணக்குல கேம் ஆடுற விழாவுல, மூணாவது நாள் ராத்திரி நான் எழுதுனது. கேம் பேருக்குப் பக்கத்துல பத்துக்கு 4.5னு போட்டிருக்கேன். கீழே, "ஒரே இழுவை. மார்க்கெட்ல கார்டே மாறல." மார்க்கெட்னா, எல்லாரும் எடுத்துக்கிறதுக்காக மேஜை நடுவுல விரிச்சு வெச்சிருக்குற கார்டுகள். பேரை மறைச்சு வெச்சிருக்கேன், ஏன்னா தப்பு அந்த கேம் மேல இல்ல.

ஆறு மாசம் கழிச்சு ஒரு நண்பர் வீட்டுல அதே கேமை ஆடுனோம். முதல் ரவுண்டு முடிஞ்சதும் அவர் மார்க்கெட்ல இருந்த நாலு கார்டையும் வாரி ஓரமா வெச்சுட்டு, புதுசா நாலு கார்டை அடுக்குனார். "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டேன். ரூல் புக்கைத் திருப்பி விரலை வெச்சுக் காட்டுனார். ஒவ்வொரு ரவுண்டு முடியும்போதும் மார்க்கெட்டை மொத்தமா மாத்தணும். ஒரே ஒரு வரி. கன்வென்ஷன்ல ரூல்ஸ் சொல்லிக்குடுத்தவர் அந்த வரியைத் தவறவிட்டுட்டார். நாங்க அஞ்சு பேரும் ரெண்டரை மணி நேரம், யாருக்குமே வேண்டாத அதே நாலு கார்டை முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம். இன்னைக்கு அந்த கேமுக்கு நான் போடுற மார்க் 8.

அப்போ அந்த 4.5? அது அந்த ராத்திரிக்குப் போட்ட மார்க். கன்வென்ஷன்ல நாம எழுதிட்டு வர்ற ரேட்டிங்ல பாதி இந்த ரகம்தான். இதை எப்படிச் சரி பண்றதுங்கிறதுதான் இன்னைக்கு வீடியோ.

(திரையில்: பெரிய கண்காட்சி ஹாலின் வரைபடம், சின்னச் சின்னக் கட்டங்களாக மேஜைகள்)

முதல்ல அளவு புரியணும். ஜெர்மனியில எஸ்ஸன் நகரத்துல நடக்குற ஷ்பீல் கண்காட்சியை எடுத்துக்குவோம். 1983ல ஆரம்பிச்சது. பொதுவா அக்டோபர் மாசம், நாலு நாள். 2024ல மட்டும் 2 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க. புதுசா வர்ற கேம் ஆயிரத்துக்கும் மேல. கதவு காலையில 10 மணிக்குத் திறந்து சாயங்காலம் 7 மணிக்கு மூடும், கடைசி நாள் 6 மணிக்கே மூடிடும்னு வெச்சா, மொத்தம் 35 மணி நேரம். இடம் கிடைக்கக் கால் மணி, ரூல்ஸ் கேட்கக் கால் மணி, ஆட ஒரு மணி. ஒரு கேமுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. வகுத்துப் பார்த்தா 23 கேம். சாப்பிடாம, வேடிக்கை பார்க்காம, யார்கிட்டயும் பேசாம. மனுஷனால 15 ஆட முடிஞ்சா பெரிய விஷயம். ஆக, கன்வென்ஷன் முடிஞ்சு "இந்த வருஷத்தோட டாப் 10"னு யாராவது பட்டியல் போட்டா, அது அவர் கைக்கு எட்டுன பதினஞ்சுல தேறுன பத்து. நானும் அப்படித் தலைப்பு வெச்சிருக்கேன். மறுக்கல.

எந்த மாதிரி கன்வென்ஷன்ங்கிறதும் மார்க்கை மாத்தும். எஸ்ஸன் அடிப்படையில ஒரு சந்தை. பதிப்பாளர்கள் ஸ்டால் போட்டு, அங்கேயே டெமோ மேஜை வெச்சு ஆடக் குடுப்பாங்க. அமெரிக்காவுல நடக்குற ஜென் கான், 1968ல லேக் ஜெனீவாங்கிற சின்ன ஊர்ல ஆரம்பிச்சு இப்ப இண்டியானாபொலிஸ்ல நடக்குது. அங்க சந்தையும் உண்டு, முன்கூட்டியே டிக்கெட் எடுத்து உட்கார்ற ஆட்டங்களும் உண்டு. டெக்சாஸ்ல நடக்குற பிஜிஜி கான் மாதிரி இடங்கள்ல பெரிய கேம் லைப்ரரி இருக்கும். பெட்டியை எடுத்துட்டுப் போய், மேஜையில "ஆள் தேவை"ன்னு ஒரு கொடியை நட்டுட்டு, வர்றவங்களோட முழுசா ஆடலாம். என்னைக் கேட்டா, புது கேமை எடைபோட லைப்ரரிதான் சரி. சந்தைக்குப் போறது கூட்டத்தைப் பார்க்க.

ஏன்னு சொல்றேன். டெமோ மேஜையில நடக்குறது முழு ஆட்டம் கிடையாது.

(திரையில்: எட்டு கட்டமுள்ள ரவுண்டு பாதை, முதல் மூணு கட்டம் மட்டும் நிறத்தில், மீதி சாம்பலில்)

இது எட்டு ரவுண்டு ஆட வேண்டிய கேம்னு வெச்சுக்கோங்க. ஸ்டால்ல மூணு ரவுண்டு ஆட விடுவாங்க. ஆளுக்கு முப்பது நிமிஷம், பின்னாடி வரிசை நிக்குது. இந்த மூணு ரவுண்டுல என்ன நடக்கும்? ஒரு கட்டடம் கட்டுறீங்க, அது ரெண்டு மரம் குடுக்குது. இன்னொண்ணு கட்டுறீங்க, நாலு மரம். எல்லாமே ஏறுமுகம். கூடவே சிரிச்ச முகத்தோட ஒருத்தர் நின்னுக்கிட்டு, "அதை விட இதை எடுங்களேன், நல்லா இருக்கும்"னு சொல்லிக்கிட்டே இருப்பார். யாருக்கும் மோசமான ஆட்டம் அமையவே வாய்ப்பில்ல. நான் இப்படி 9 போட்டு, பெட்டியையும் வாங்கி, முழுசா ஆடிப் பார்த்த கேம் ஒண்ணு இருக்கு. அஞ்சாவது ரவுண்டுலயே எல்லாருக்கும் எல்லாம் கிடைச்சிடுச்சு. மீதி மூணு ரவுண்டும் கணக்குப்பிள்ளை வேலை. பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம், சரிதான். ஆனா சோறு வெந்த பிறகுதானே பதம் பார்க்கணும்?

அதுக்காக டெமோவே வேண்டாம்னு சொல்லல. ரூல்ஸ் தெளிவா இருக்கா, கார்டு எழுத்து தூரத்துல இருந்து படிக்க முடியுதா, அடுத்தவர் ஆடும்போது நமக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கா, இதெல்லாம் மூணு ரவுண்டுலயே தெரிஞ்சிடும். முடிவு எப்படி இருக்கும்ங்கிறது மட்டும் தெரியாது.

அந்த முடிவுதான் நம்ம மார்க்குல பெரிய பங்கு வகிக்குது. உளவியல்ல இதுக்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. 1993ல டேனியல் கானமனும் அவர் குழுவும் வெளியிட்டது. 14 டிகிரி குளிர்ந்த தண்ணியில ஒரு நிமிஷம் கையை வெக்கணும். இன்னொரு தடவை, அதே ஒரு நிமிஷம், அதுக்கு மேல இன்னும் முப்பது செகண்ட். அந்த முப்பது செகண்ட்ல தண்ணி மெதுவா 15 டிகிரிக்கு ஏறும். எதை மறுபடி செய்றீங்கன்னு கேட்டா, பெரும்பாலானவங்க ரெண்டாவதைத்தான் எடுத்தாங்க. மொத்தத்துல அதிக நேரம் கஷ்டப்பட்டது அதுலதான். ஆனா முடிவு கொஞ்சம் இதமா இருந்துச்சு. அது போதும்.

மேஜையிலயும் இதே கதை. ஒரு மணி நேரம் கொட்டாவி விட்ட கேம், கடைசி டைஸ்ல ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சா 8. ஒரு மணி நேரம் ரசிச்சு ஆடுன கேம், கடைசியில ஸ்கோர் எண்ணவே கால் மணி நேரம் ஆச்சுன்னா 6. அதனால எழுந்த உடனே எண் போடாதீங்க. நான் ஒரு கேம் தாமதமாத்தான் போடுவேன். அடுத்த கேமை ஆடி முடிச்சுட்டு இதுக்கு மார்க். ஜெயிச்ச சூடும் தோத்த கடுப்பும் அதுக்குள்ள ஆறியிருக்கும்.

(திரையில்: 1 முதல் 10 வரை எண்கோடு)

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? போர்டு கேம் உலகத்துல அதிகம் புழங்குற அளவுகோல் போர்டுகேம்கீக்ங்கிற வலைத்தளத்தோட 1 முதல் 10. அதைப் பலரும் பரீட்சை மார்க் மாதிரி நினைக்கிறாங்க. அங்க எழுதியிருக்குற விளக்கத்தைப் படிச்சா விஷயம் வேற. 10ன்னா எப்பக் கூப்பிட்டாலும் ஆட வருவேன். 7ன்னா பெரும்பாலும் சரின்னு சொல்லுவேன். 6ன்னா மூடு இருந்தா. 5ன்னா ஆடுனாலும் ஒண்ணுதான், ஆடலைன்னாலும் ஒண்ணுதான். மொத்த அளவுகோலும் ஒரே கேள்வியைத்தான் கேக்குது: மறுபடி ஆடுவியா? கேம் எவ்வளவு புத்திசாலித்தனமா வடிவமைக்கப்பட்டிருக்கு, படம் எவ்வளவு அழகு, இதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ள அடங்கிடுச்சு.

சரி, கன்வென்ஷன் முடிஞ்ச வாரம் அந்தத் தளத்துல ஒரு கேமுக்குச் சராசரி 9னு காட்டும், ஆனா தரவரிசையில எங்கேயோ ஆயிரத்துக்குக் கீழே கிடக்கும். பார்த்திருப்பீங்க. அது பிழை இல்ல. 30 ரேட்டிங் வந்தாத்தான் ஒரு கேமுக்கு ரேங்க்கே கிடைக்கும். அப்புறம் கணக்கு போடும்போது, கற்பனையா கொஞ்சம் நடுத்தர ஓட்டுகளைக் கூட சேர்த்துக்குவாங்க. உதாரணத்துக்கு, 5.5 மதிப்புள்ள 100 கற்பனை ஓட்டுன்னு நானே ஒரு எண் வெச்சுக்கிறேன். உண்மையா ஓட்டு போட்டவங்க 50 பேர், சராசரி 9. கூட்டி வகுத்தா 6.67. இன்னொரு கேமுக்கு 2000 பேர், சராசரி 8. அதுக்கு 7.88. ரெண்டாவது மேல நிக்குது. முதல் அம்பது பேர் யாருன்னு யோசிச்சா இது நியாயம்தான்னு புரியும். காசு குடுத்து முன்பதிவு பண்ணவங்க, டிசைனரோட நண்பர்கள், டெமோ மேஜையில ஜெயிச்சவங்க.

எஸ்ஸன்ல இன்னொரு பழக்கம் உண்டு. ஃபேர்பிளேங்கிற ஜெர்மன் பத்திரிகை, ஆடிட்டு வர்றவங்ககிட்ட பள்ளிக்கூட மார்க் கேட்டு வாங்கும். அந்த ஊர்ப் பள்ளிகள்ல 1 தான் உச்சம், 6 அடிமட்டம். அந்தப் பட்டியல் ஹாலுக்குள்ளயே தெரிய வரும். மேல வந்த கேமோட ஸ்டால் முன்னாடி அப்புறம் கால் வைக்க இடம் இருக்காது. பட்டியல் கூட்டத்தைக் கூட்டும், கூட்டம் பட்டியலை நிரப்பும். இதுக்கு நேர் எதிர், 1979ல இருந்து கொடுக்கப்படுற ஷ்பீல் டெஸ் யாரெஸ், அதாவது ஜெர்மனியோட 'வருஷத்தோட சிறந்த கேம்' விருது. நடுவர்கள் மாசக்கணக்குல, வேற வேற ஆட்களோட, திரும்பத் திரும்ப ஆடித்தான் முடிவு பண்றாங்க. நமக்கு அந்த வசதி கிடையாது. நாலு நாள்தான்.

அதனால நான் எண்ணை விட்டுட்டேன். வரிசை மட்டும் வெச்சுக்கிறேன்.

(திரையில்: செங்குத்தாக அடுக்கிய பதினைந்து வெற்றுச் சீட்டுகள்)

முதல் கேமை ஆடுனதும் ஒரு சீட்டுல பேரை எழுதி வைங்க. ரெண்டாவதை ஆடுனதும் ஒரே கேள்வி: "இப்ப ஒண்ணுதான் ஆட முடியும்னா எது?" ஜெயிச்சது மேல, தோத்தது கீழ. 7.5ஆ 8ஆங்கிற பஞ்சாயத்தே இல்ல. "எல்லாத்தோடயும் எல்லாத்தையும் ஒப்பிடணுமா, பதினஞ்சு கேம்னா 105 ஜோடி வருமே"ன்னு கேக்கலாம். தேவையில்ல. புதுசா வந்ததை நடுவுல இருக்குற கேமோட மட்டும் மோத விடுங்க. ஜெயிச்சா மேல் பாதி, தோத்தா கீழ் பாதி. அந்தப் பாதியோட நடுவுல மறுபடி. பதினஞ்சு கேம் இருக்குற பட்டியல்ல பதினாறாவதை நுழைக்க நாலே நாலு கேள்விதான்.

ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாடியும் நான் கிறுக்கி வெக்கிறது கொஞ்சம்தான். எத்தனை பேர் ஆடுனோம், ரூல்ஸ் யார் சொன்னது, முழுசா முடிச்சோமா, மணி என்ன. கடைசியா, எனக்குச் சந்தேகமா இருக்குற ஒரு ரூல். அந்த 4.5 கேம் அன்னைக்கு இப்படி ஒரு சீட்டுல இருந்திருந்தா, "மார்க்கெட் மாறவே மாறாதா?"ன்னு எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்து ரூல் புக்கை ரெண்டு நிமிஷம் புரட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். அஞ்சு பேர் ஆடக்கூடிய கேம்னு பெட்டியில போட்டிருந்தாலும், மூணு பேர்லதான் நல்லா இருக்கும்ங்கிறதும் இந்தக் கிறுக்கல்லதான் பிடிபடும்.

ஒரு சின்ன விஷயம், ரூல்ஸ் சொல்லிக்குடுக்குறவங்களுக்கு. எதிர்ல ரூல் புக்கை இன்னொருத்தர் கையில குடுத்துட்டுச் சொல்லுங்க. நீங்க விட்டதை அவர் பிடிப்பார்.

(திரையில்: மேலிருந்து கேமரா, இரண்டு சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில்)

இது போன கன்வென்ஷன் பட்டியல். கடைசி நாள் மதியம் ஆடுன பதினாறாவது கேமை இப்ப நுழைக்கிறேன். நடுவுல இருக்குற எட்டாவதோட மோதுது. எட்டாவது நல்ல கேம், ரெண்டு மணி நேரம் மண்டையைக் காயவெக்கும். பதினாறாவது இருபது நிமிஷக் கார்டு கேம். மார்க் கேட்டா எட்டாவதுக்குத்தான் அதிகம் போடுவேன். ஆனா இப்ப ஒண்ணுதான்னா... கார்டு கேம். மேல. அடுத்து நாலாவதோட. இல்ல, தோத்துடுச்சு. ஆறாவது? பின்னாடி பார்க்குறேன்: "முழுசா முடிக்கல, ஹாலை மூடிட்டாங்க." சரி, அதையும் தாண்டட்டும். அஞ்சாவதோட கடைசிக் கேள்வி. அதை முழுசா, நாலு பேரா, ரூல்ஸ் சரியா ஆடியிருக்கோம். கார்டு கேம் ஆறாவது இடத்துல உட்காருது.

பழைய ஆறாவது கேமை ஏழுக்குத் தள்ளிட்டு, சீட்டோட ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வெக்கிறேன்.